மூன்றாம் ரீல்

மருதானைக் கம்பனிக் கிடங்கில்
டப்பாவில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததுமே
வேறு படம் கேட்டேன்.
பொங்கலுக்கு எல்லாம் வெளியே போய்விட்டதாம்.
"அங்கொடைக்குத்தானே, இது போதும்"
என்று ரசீதை நீட்டினார் மிஸ்கீன் முதலாளி.

மொரிஸ் மைனர் டாக்ஸி.
மடியில் டப்பாக்கள், காலிடையில் புரொஜெக்டர்.
பொரளை வரை பேசிக்கொண்டே வந்த சாரதி
இறங்கும் இடத்தைச் சொன்னதும் சிரித்தான்.
பிறகு வாய் திறக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் இதைப்
பதினொரு வாரம் ஓட்டியவன் நான்.
மூன்றாம் ரீலில் மட்டும்
துவாரத்தின் வழியே சனத்தைத்தான் பார்ப்பேன்.
திரையில் கம்பிக்கதவு, இடி.
ஒருவன் வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துத்
தானே ராஜா என்பான்.
ஒருவன் இல்லாத பஸ்ஸை ஹோர்ன் அடித்து ஓட்டுவான்.
தலைவிரித்த ஒருத்தி தலையணையைத் தாலாட்டுவாள்,
வயலின்கள் கீறும்.
கலரி விசிலடிக்கும்,
பல்கனி கைக்குட்டைக்குள் சிரிக்கும்.
நாயகனோ
படியில் உருண்டு நெற்றியில் அடிபட்டு
"அம்மா!" என்று எழும்போதே குணமாகியிருப்பான்.
இடைவேளை. கடலை.

பெண்கள் வார்டில்
இரண்டு கட்டில் விரிப்பைச் சேர்த்துத் தைத்துக் கட்டியிருந்தார்கள்.
தையல்
எல்லா முகங்களின் நடுவாலும் ஓடியது.
லைசோல் வாசம். முடிச்சிட்ட நுளம்புவலைகள்.
ராஜா யாரும் இல்லை.
வயர் சுற்றும்போது ஒருத்தி வந்து
கோட்டைக்கு இப்ப பஸ் காசு எவ்வளவு என்று கேட்டாள்.
சொன்னேன்.
"கூட்டிப்போட்டாங்களே" என்று போனாள்.

கம்பிக்கதவு வந்தது.
எனக்குப் பொறுக்கவில்லை. லென்ஸின் முன் கையை வைத்தேன்.
விரிப்பு முழுவதும் என் ஐந்து விரல்.
"கையை எடுங்கோ மாஸ்டர்!"
எடுத்தேன்.
பஸ்காரனுக்குச் சிரித்தார்கள்,
தமிழ் தெரியாத சிங்களப் பெண்களும்,
சாவிக்கொத்தை மடியில் வைத்திருந்த குணவதி நோனாவும்.
வயிறு பிடித்துச் சிரித்தார்கள்.
அது எனக்கு ஒத்துவரவில்லை.
அவர்கள் அழுவார்கள் என்று
நானும் ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன் போலும்.

படம் முடிந்து ரீல் சுற்றும்போது
யோகாம்பிகை என்று பின்னால் கேட்டு அறிந்தவள்
பக்கத்தில் வந்து நின்றாள்.
"அந்தப் பின்னால நிண்ட பொம்பிளை
வீட்ட போனவவோ?"
எந்தப் பொம்பிளை?
"ராஜாவுக்குப் பின்னால. சுவரோட.
சீலைத் தலைப்பை மடிச்சு, மடிச்சு, பிரிச்சுக்கொண்டு."
அப்படி ஒருத்தி படத்தில் இல்லை என்றேன்.
பதினொரு வாரம், நாளுக்கு மூன்று காட்சி,
எனக்குத் தெரியாதா?
அவள் வாதாடவில்லை.
நகரவும் இல்லை.

திரும்ப ஓட்டினேன், சத்தம் இல்லாமல்.
ராஜா வந்தான். அவன் தோளுக்குப் பின்னால்
தையலின் இடப்பக்கம்
நாள்கூலிக்கு வந்த யாரோ ஒரு துணைநடிகை,
கண்ணை உருட்டச் சொன்னவர்கள் கவனிக்காத நேரத்தில்
தலைப்பை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.
நாலு செக்கன்.
வெட்டு.

"அவ நடிக்கேல்ல" என்றாள் யோகாம்பிகை.
நான் பதில் சொல்லவில்லை.
அவள் கைகளைப் பார்க்காமலிருக்கப்
பியூஸைக் கழற்றி மறுபடி போட்டேன்.

அன்றிரவு அந்த நாலு செக்கனைக் கத்தரித்தேன்.
கம்பனிக்குத் தெரிந்தால் வேலை போயிருக்கும்.
ஒட்டிய இடத்தில் ராஜா ஒரு சின்னத் துள்ளல் துள்ளுவான்,
அதற்கும் கலரி சிரித்தது.

வெசாக்குக்கு வேறு படம் கொண்டு போனபோது
சட்டைப்பையில் நெருப்புப்பெட்டி, அதற்குள் சுருளாய் அவள்.
யோகாம்பிகையைக் கேட்டேன்.
"கெதர கியா" என்றாள் குணவதி நோனா.
வீட்டுக்குப் போனாளாம்.
எந்த வீடு, யார் வந்து கூட்டிப்போனது,
கேட்கலாம் என்றுதான் நின்றேன்.
அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்,
எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்,
படம் எங்கே என்று.